காட்டுக்குக் கீழே கிடக்கும் கல்: ஓர் உரிமை பிறந்த கதை

பல்லடத்தைத் தாண்டிக் காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கம் போனால் வேலியோர மரங்கள்கூட வெளுத்துப் போயிருக்கும். கிரஷர் தூசி. திருப்பூரில் எழும்பும் பனியன் கம்பெனிகளுக்கு ஜல்லியும் எம்-சாண்டும் இந்தப் பக்கத்துக் குவாரிகளிலிருந்தும் போகின்றன. அந்தக் கம்பெனிக்காரர்களில் பலருக்கு இதே சுற்றுவட்டாரத்தில் அப்பாரு வழியில் வந்த மேட்டாங்காடு இருக்கும். கூட்டுப் பட்டா, ஏழெட்டுப் பங்காளிகள், மழை பெய்தால் சோளம். கிரஷர்காரர் ஒருவர் வந்து குத்தகை பேசும்வரை அதன் அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. அவர் வந்த பிறகுதான் கேள்வி எழுகிறது: காடு நம்முது, கல்லு யாருது?

டீக்கடையில் கேட்டால் பதில் உடனே வரும். “பூமிக்கு அடியில இருக்கறதெல்லாம் கவர்மென்ட்டுதுங்க.” தாலுகா ஆபீசில் கேட்டாலும் பெரும்பாலும் இதுதான். ஆனால் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது வேறு. திரேசியம்மா ஜேக்கப் வழக்கில், கனிமமெல்லாம் அரசுக்கே சொந்தம் என்று அறிவிக்கும் சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை என்றது. சட்டப்படி யாராவது பறித்தால் ஒழிய, நிலம் யாருடையதோ அடிமண்ணும் பொதுவாக அவருடையதே. வழக்கு மலபாரில் பரம்பரைத் தனியுடைமையாக இருந்த ஜன்ம நிலங்களைப் பற்றியது. தீர்ப்புக்கு அடிப்படையான காகிதங்களோ பழைய சென்னை மாகாணத்துடையவை. அந்த மாகாணத்தில்தான் அன்றைய கோயம்புத்தூர் ஜில்லாவும், அதற்குள் திருப்பூரும் இருந்தன.

1799-இல் திப்பு சுல்தான் விழுந்ததும் கொங்கு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. கம்பெனி அதிகாரிகளான அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் பாராமகாலில் பழகிப் பார்த்த ரயத்துவாரி முறை பிறகு மாகாணம் முழுக்கப் பரவியது. இடைத்தரகர் இல்லாமல் குடியானவன் பேருக்கே பட்டா, அவனிடமே தீர்வை. அந்தப் பட்டா பேசியது மேல்மண்ணின் விளைச்சலைப் பற்றி மட்டும்தான். அடியில் கிடப்பதைப் பற்றி அது வாய் திறக்கவில்லை.

கொங்கின் அடிமண் அப்போதும் வெறும் கல்லாக இருக்கவில்லை. திருப்பூரிலிருந்து காங்கேயம் போகும் வழியில் இருக்கும் படியூரில் கிடைத்த நீலப்பச்சைப் பெரில் கற்கள் பெயர்பெற்றவை. 1819, 1820 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் அந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்து 2196 கற்களை வெளியே கொண்டுவந்தார். அன்றைய மதிப்பில் 1201 பிரிட்டிஷ் பவுண்டு. பக்கத்திலுள்ள சிவன்மலையின் பாறைகளைப் பற்றி 1901-இல் புவியியல் துறையின் ஹாலண்ட் தனி நூலே எழுதினார். கற்களைக் கணக்கெடுத்த அளவுக்கு, அவை யாருடையவை என்ற கேள்வியை வெள்ளைக்காரர்கள் அவசரமாக எடுத்துக்கொள்ளவில்லை.

தங்கம் வந்ததும் அவசரம் வந்துவிட்டது. 1879 முதல் 1881 வரை தேவாலா, பந்தலூர் பக்கத்து வயநாட்டு மலைகளில் தங்கம் இருக்கிறது என்று சொல்லி லண்டனில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. பங்குகள் பறந்தன, தங்கம் மட்டும் போதிய அளவு வரவில்லை. ஆனால் பணம் போட்டவன் கேட்பான் அல்லவா: குத்தகையை யாரிடம் எழுதி வாங்குவது? இங்கிலாந்தில் தங்கமும் வெள்ளியும் மகுடத்துக்குச் சொந்தம். இங்கேயோ மலை, ஜன்ம நிலத்துக்காரரான ஜன்மியுடையது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் போய்த்தான் 1880-களில் சென்னை அரசு நிலங்களை இனம் பிரித்தது. அந்தப் பிரிவினை வருவாய் வாரியத்தின் நிலை ஆணைகளில் ஏறியது. ஜமீன் சன்னது நிலம், உரிமையாக்கப்பட்ட இனாம் போன்றவற்றில் அரசுக்குக் கனிமம் இல்லை. ரயத்துவாரிப் பட்டாவிலும் ஜன்ம நிலத்திலும் வெட்டி எடுப்பதில் ஒரு பங்கு மட்டுமே அரசுக்கு.

அப்பாருவின் காட்டுக்கல்லுக்கு உரிமை பிறந்தது அங்கேதான் என்பேன். பிறக்க வைத்தது கருணை அல்ல, லண்டன் பங்குச் சந்தைச் சூதாட்டம். ஏதோ பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஆகவே கிரஷர்காரர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது பாறையை அல்ல, நிலத்தின் ஜாதகத்தை. இன்றைய கம்ப்யூட்டர் பட்டா அதற்குப் போதாது. 1980-களின் யு.டி.ஆர் என்ற நில ஆவணத் திருத்தத்துக்கு முந்தைய செட்டில்மென்ட் ‘அ’ பதிவேட்டைத் தேடி, ரயத்துவாரியா இனாமா என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஜமீனிலிருந்து வந்த நிலமானால் கதை தலைகீழ்: 1948-ஆம் வருட எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் எஸ்டேட்டுகளைக் கனிமத்தோடு சேர்த்தே அரசுக்கு மாற்றியது. சிறு இனாம்களை 1963-ஆம் வருடச் சட்டம் ரயத்துவாரியாக்கியது. அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டாவானால், அதன் நிபந்தனைகளிலேயே கனிம உரிமையை அரசு தனக்கென வைத்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பக்கத்து வரப்பில் இருக்கும் இரண்டு காடுகள். மேலே ஒரே சோளம், அடியில் ஒரே கல், உரிமை மட்டும் வேறு வேறு. அடுத்த காட்டுக்காரர் குத்தகைக்கு விட்டாரே என்று நம்பி அட்வான்ஸ் வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கல் நமதே என்று தெரிந்துவிட்டாலும் கடப்பாறையை எடுக்க முடியாது. 1957-ஆம் வருட மத்தியக் கனிமச் சட்டம், அதன்கீழ் 1959-ஆம் வருடத் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் என்று அனுமதிகளின் வரிசை நிற்கிறது. கலெக்டர் அனுமதி, சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, சீனியரேஜ், லாரிக்கு நடைச்சீட்டு. குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் வெட்டக்கூடாது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைவான குவாரிகளும் சுற்றுச்சூழல் அனுமதிக்கு உட்பட்டது 2012-இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொன்ன பிறகு. சொந்தம் வேறு, தோண்டும் அனுமதி வேறு. தூசி தின்று வாழும் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கேட்டால் இந்த வரிசை இன்னும் நீளமாக இருக்க வேண்டும் என்பார். நானும் அவர் கட்சிதான்.

சொந்தக் கல்லை வெட்ட அரசுக்கு எதற்கு ராயல்டி என்ற கேள்வியைத் திரேசியம்மா தீர்ப்பு திறந்தே வைத்தது. ராயல்டி ஒரு வரி என்று 1989-இல் ஏழு நீதிபதிகள் சொன்னது தமிழ்நாட்டில் பிறந்த இந்தியா சிமென்ட்ஸ் வழக்கில். 2024 ஜூலையில் ஒன்பது நீதிபதி அமர்வு, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது: ராயல்டி வரி அல்ல, கனிம உரிமைக்கு மாநிலங்கள் தனியே வரி போடலாம். தமிழ்நாடு தாமதிக்கவில்லை. கனிமம் தாங்கிய நிலங்களுக்கான வரி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. குவாரி, கிரஷர்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

இத்தனையும் முடிந்து ஒப்பந்தம் எழுத உட்காரும்போது வீட்டுக் கணக்கு வரும். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. அதற்கு முன் கல்யாணமாகிப் போனவர்களை மட்டும் விட்டுவிட்டது. 2005-ஆம் வருட மத்தியத் திருத்தம் அந்த விலக்கையும் எடுத்தது. அப்பா அன்று உயிரோடு இருந்தாரா என்பதும் பொருட்டல்ல என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் முடித்துவைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் தப்பிக்கலாம். இல்லையென்றால், எப்போதோ தாராபுரத்துக்குக் கட்டிக்கொடுத்த அக்காவும் கையெழுத்துப் போட வேண்டும். அவர் முதலில் கேட்கப்போவது ஒரு லோடுக்கு எவ்வளவு என்றுதான்.