மொலியேர்

மொலியேர் (1622–1673): பிரெஞ்சு நகைச்சுவை நாடகாசிரியர், நடிகர், நாடகக் குழுத் தலைவர். இயற்பெயர் ழான் பத்தீஸ்த் போக்லேன். தமிழ் மேடைக்கு இவரைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பம்மல் சம்பந்த முதலியார்.

பாரிசில் பிறந்தார். தந்தை அரண்மனைக்கு மெத்தை, திரைச்சீலை அமைத்துக் கொடுக்கும் பதவியில் இருந்தவர். மகனுக்கு வரவேண்டிய அந்தப் பதவியை 1643இல் உதறிவிட்டு, நடிகை மத்லேன் பெஜாருடனும் வேறு சிலருடனும் சேர்ந்து ஒரு நாடகக் குழுவை ஆரம்பித்தார். குழு நொடித்தது. 1645இல் கடனுக்காகச் சிறையில் இருந்தார். வெளியே வந்தபின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஊர் ஊராக அலைந்து ஆடினார். எந்த வசனத்துக்குச் சனம் சிரிக்கும், எதற்குக் கொட்டாவி விடும் என்பதை அந்த அலைச்சலில்தான் கற்றிருக்க வேண்டும்.

1658இல் பாரிஸ் திரும்பி பதினான்காம் லூயி மன்னர் முன் நடித்தார். சோக நாடகம் எடுபடவில்லை. பின்னால் ஆடிய சிறு கேலிக்கூத்துக்கு மன்னர் சிரித்தார். பிழைப்புக்கு வழி பிறந்தது. பக்தி வேடம் போட்டு ஒரு குடும்பத்தையே சுருட்டப் பார்க்கும் கபடனைப் பற்றிய ‘தார்த்துஃப்’ 1664இல் அரங்கேறிய உடனே தடைக்குள்ளாகி, 1669இல்தான் பொதுமேடைக்கு வந்தது. ‘மனிதவெறுப்பாளன்’ (1666), ‘கஞ்சன்’ (1668) ஆகியவையும் இந்த ஆண்டுகளில் வந்தவை.

1673 பிப்ரவரி 17 அன்று, இல்லாத நோயை இருப்பதாக நம்பும் ஒருவனைப் பற்றிய நாடகத்தில் நாயகனாக நடித்துக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உடல் இழுத்துக்கொண்டது. சிரிப்பால் அதை மறைத்துக் காட்சியை முடித்தார். அன்றிரவே வீட்டில் இறந்தார். மருத்துவர்களை வாழ்நாளெல்லாம் கேலி செய்தவருக்கு வந்த சாவு இது. நடிகர் என்பதால் திருச்சபை அடக்கத்துக்கு இடம் தர மறுத்தது. மனைவி அர்மாந்து மன்னரிடம் முறையிட்ட பிறகே, இரவில், சடங்கு ஆரவாரமில்லாமல் புதைத்தார்கள்.

அப்போது தமிழ்க் கரையில் சாந்தோம் கோட்டை பிரெஞ்சுப் படையின் கையில் இருந்தது. 1672இல் பிடித்த அதை 1674இல் கோல்கொண்டாப் படையும் டச்சுக்காரரும் சேர்ந்து மீட்டனர். பிரெஞ்சுக்காரர் தெற்கே புதுச்சேரியில் ஒதுங்கினார்கள். ஆனால் மொலியேரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது புதுச்சேரி அல்ல, சென்னை வக்கீல் ஒருவர்.

பம்மல் சம்பந்த முதலியார் மொலியேர் இறந்து சரியாக இருநூறு ஆண்டுக்குப் பின், 1873 பிப்ரவரியில் பிறந்தவர். 1891 ஜூலை 1 அன்று நண்பர்களுடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாடகமாடுவது கௌரவக் குறைச்சல் என்று படித்தவர்கள் நினைத்த காலம் அது. வக்கீல்களையும் உத்தியோகஸ்தர்களையும் மேடையேற்றினார். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தியும் அந்தச் சபையில் நடித்தவர்தான். விடிய விடிய நடந்த ஆட்டத்தைச் சில மணி நேரமாகச் சுருக்கினார், பாட்டைக் குறைத்து வசனத்தைக் கூட்டினார். 1924 முதல் 1928 வரை சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தார். எழுதிய நாடகங்கள் தொண்ணூறுக்கு மேல்.

ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்தியன்’ ஆக்கிய இவர், மொலியேரிடமிருந்து எடுத்தது தார்த்துஃபை அல்ல, ஸ்கபேன் என்ற வேலைக்காரனை. தமிழில் அது ‘காளப்பன் கள்ளத்தனம்’. மூலம் 1671இல் அரங்கேறியது. இளம் எஜமானர்களின் காதலுக்காகக் கிழத் தகப்பன்மாரிடம் பணம் கறக்கும் கில்லாடி ஸ்கபேன். உங்கள் மகனைத் துருக்கியர் கப்பலில் கடத்திப்போய்விட்டார்கள் என்று கதை கட்டிக் காசு வாங்குவான். பிறகு கிழவரையே சாக்குக்குள் ஒளியவைத்து வேற்றாள் குரலில் பேசி அடித்து நொறுக்குவான். ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸிடமிருந்து கதை, இத்தாலியக் கோமாளி மேடையிலிருந்து பாத்திரம் என்று மொலியேரே இரவல் வாங்கிக் கட்டியது. சாக்கைக் காட்டி, இவ்வளவு கீழே இறங்கலாமா என்று விமர்சகர் புவாலோ கடிந்துகொண்டார்.

மேடையைக் கண்ணியமாக்கப் பாடுபட்ட சம்பந்த முதலியார் இந்த மட்டமான கூத்தைத் தேர்ந்தது முரண்போலத் தோன்றலாம். எனக்கு அதுவே சரியான தேர்வாகப் படுகிறது. தார்த்துஃபைப் புரிந்துகொள்ளப் பாரிசின் மத அரசியல் தெரிய வேண்டும். எஜமானனை ஏய்க்கும் வேலைக்காரனுக்கு விளக்கம் எதுவும் வேண்டாம். தெருக்கூத்துக் கட்டியங்காரன் ராஜாவை வாய்க்கு வாய் மடக்குவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

காளப்பனுக்கு முன்பே 1906இல் சம்பந்த முதலியார் இதே உறவைத் தலைகீழாக்கி ‘சபாபதி’ எழுதியிருந்தார். எஜமானும் வேலைக்காரனும் ஒரே பெயர், இருவரும் முட்டாள்கள். 1941இல் ஏ. வி. மெய்யப்பன் அதைப் படமாக்கியபோது டி. ஆர். ராமச்சந்திரன் எஜமான், காளி என். ரத்னம் வேலைக்காரன். ஸ்கபேன் சொல்லைத் திரித்து எஜமானைக் கவிழ்ப்பான். வேலைக்காரச் சபாபதி சொன்னதை அப்படியே செய்து கவிழ்ப்பான்: சோடா உடைத்துக் கொண்டுவரச் சொன்னால் புட்டியையே உடைத்துக் கொண்டுவருவான்.