சித்தன்னவாசல் அறிவர் கோயில்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள சித்தன்னவாசல் குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பட்ட சமணக் குடைவரை. குன்றின் கிழக்குப் பக்கத்தில் ஏழடிப்பட்டம் என்னும் இயற்கைக் குகை இருக்கிறது. அங்கே துறவிகள் படுத்த கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்தும் உள்ளன. ஆகவே குடைவரை வெட்டப்படுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே சமணர் இக்குன்றில் தங்கியிருந்தனர்.

வழிபாடு நின்று கைவிடப்பட்டுக் கிடந்த கோயில், எஸ். இராதாகிருஷ்ண ஐயர் 1916-இல் எழுதிய புதுக்கோட்டை வரலாற்று நூல் வழியே வெளியுலகுக்குத் தெரிய வந்தது. அதிலுள்ள ஓவியங்களை அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் து.அ. கோபிநாத ராவும் புதுச்சேரிக் கல்லூரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேயும்.

கருவறை மிகச் சிறியது. பக்கத்துக்குப் பத்தடிகூட இல்லை. பின்சுவரில் மூன்று திருவுருவங்கள் அமர்ந்திருக்கின்றன. விதானத்தில் கம்பளம் விரித்தாற்போன்ற கோலம். அதற்கு முன்னுள்ள அர்த்தமண்டபத்தின் விதானம்தான் இக்கோயிலின் உயிர். அங்கே ஒரு தாமரைக் குளம்: இலைகளுக்கிடையே மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் திரிய, மூவர் பூப்பறிக்கிறார்கள். ஒருவரின் இடக்கையில் பூக்கூடை தொங்க, வலக்கை மலரைப் பற்றுகிறது. சற்றுத் தள்ளி நிற்கும் இன்னொருவரின் தோளில் தாமரைக் கட்டு. சமவசரணம் என்னும் அறவுரை அவையில் சமண ஆசானான தீர்த்தங்கரரின் உரை கேட்க வரும் பக்குவமுடையோர் கடக்கும் குளம் இது என்பது பலரும் ஏற்ற விளக்கம். ஒவ்வோர் இதழையும் தனித்தனியே வளைத்துத் தீட்டிய கையைப் பார்த்தால், இதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்க முடியாது. தூண்களில் இரு நடனமாதரும் ஓர் அரசனும் அரசியும் மங்கலாகத் தெரிகின்றனர்.

குடைவரையையும் ஓவியங்களையும் செய்வித்தவர் யார்? முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் என்றார் துப்ரேய். அம்மன்னன் முதலில் சமணனாக இருந்து சைவனானவன் என்ற மரபுக்கதை இக்கருத்துக்கு வலுவூட்டியது. ஆனால் குடைவரையை ஒட்டிய பாறையில் உள்ள தமிழ்க் கல்வெட்டு வேறொரு பெயரைத் தருகிறது. அவனிபசேகரன் என்னும் பட்டம் பூண்ட பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அகமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபமும் எடுப்பித்தான் என்கிறது அது. கருவறை விதானத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஓவியப் படலங்கள் கண்டறியப்பட்டதும் இந்தப் புதுப்பித்தலோடு பொருந்துகிறது. கதையைவிடக் கல்வெட்டையே நம்ப வேண்டும். ஆயினும் அது பேசுவது திருப்பணியைத்தான். பாறையை முதலில் குடைந்தவர் பெயரை அது சொல்லவில்லை.

பூச்சு முதலில் சுவர்களிலிருந்து உதிர்ந்தது. கைக்கெட்டாத விதானத்திலும் தூண்களின் மேற்பகுதியிலும் மட்டுமே ஓவியம் தங்கியது. சுண்ணப் பூச்சு உலர்ந்தபின் கனிம வண்ணங்களால் தீட்டியவை என்பதால், ஈரமும் உரசலும் இவற்றுக்குப் பெரும்பகை. இன்று முன்னால் நிற்கும் தூண் மண்டபம் இளங்கௌதமன் கட்டியதன்று. புதுக்கோட்டை சமஸ்தான நிர்வாகி டாட்டன்ஹாம் 20-ஆம் நூற்றாண்டில் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து அமைத்தது.