வெட்டுக்கிளி தின்ன மறுத்த பயிர்

1962இல் பாலைவன வெட்டுக்கிளிகள் கூட்டம் கூட்டமாகத் தில்லிப் பக்கம் வந்து இறங்கின. அங்குள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் பூச்சியியல் அறிஞர் எஸ். பிரதானும் அவர் குழுவினரும் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, நீரில் கரைத்து, வயலில் நின்ற பயிர்மேல் தெளித்தார்கள். பூச்சிகள் வந்தன, இலைமேல் உட்கார்ந்தன, ஆனால் வாய் வைக்கவில்லை. கரைசலின் அளவு வெறும் 0.1 சதவீதம், அதாவது 1,000 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ பருப்பு.

வேம்பின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சூடானில்தான் தொடங்குகிறார்கள். 1959இல் வெட்டுக்கிளிகள் மற்றதையெல்லாம் மொட்டையடித்த பிறகும் வேப்பமரங்கள் பச்சையாக நின்றதை ஜெர்மன் அறிஞர் ஹைன்ரிக் ஷ்முட்டரர் அங்கே பார்த்தார். பிற்காலத்தில் உலகம் வேம்பின் பக்கம் திரும்பியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் நின்ற பயிரையே காத்துக் காட்டிய தில்லி வயலுக்கும் அந்தக் கதையில் முதல் வரிசையில் இடம் தர வேண்டும்.

காரணப் பொருளான அசாடிராக்டினை 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பிரித்தெடுத்தார்கள். அதன் கட்டமைப்பு 1985 வாக்கில்தான் சரியாகப் பிடிபட்டது. ஆய்வகத்தில் அதை முழுமையாக உருவாக்க ஸ்டீவன் லேயின் கேம்பிரிட்ஜ் குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, 2007இல் முடித்தார்கள்.

இந்தப் பொருள் பூச்சியை உடனே கொல்வதில்லை. முதலில் தீனியை வெறுக்க வைக்கிறது. தின்றுவிட்ட புழுவுக்கோ தோலுரிக்கத் தேவையான ஹார்மோன் தடைப்படுகிறது. வளர முடியாமல் சாகிறது. தெளித்த மறுநாளே செத்த புழுக்களை எண்ணப் போகிறவர் ஏமாறுவார்.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு இன்றும் பரிந்துரைக்கப்படுவது 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு. ஐந்து கிலோ பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்குகிறார்கள். நல்ல சாறு பால்போல் வெளுத்திருக்கும். இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசலும் சேரும். வெயிலில் சத்து சீக்கிரம் சிதைந்துவிடும் என்பதால் தெளிப்பது சாயங்காலத்தில்தான்.

1994இல் வேப்பெண்ணெயால் பயிர்ப் பூஞ்சையைத் தடுக்கும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. வந்தனா சிவா, ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் மக்டா ஆல்வோட், இயற்கை வேளாண்மை இயக்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு ஆகியோர் எதிர்த்து வழக்காடினார்கள். இந்தியத் தொழிலதிபர் ஒருவர் விசாரணை நடந்த மியூனிக் வரை போய்ச் சாட்சி சொன்னார். 2000 மே மாதம் காப்புரிமை ரத்தானது. மேல்முறையீடும் 2005 மார்ச் 8 அன்று தள்ளுபடியானது.