குளிருக்கு ஒரு சிவப்பு ஒயின்: தேர்ந்தெடுத்தது நாக்கா, சுங்க வரியா?

பொருளாதார மாணவர்களில் டேவிட் ரிக்கார்டோவின் உதாரணத்தைப் படிக்காமல் தப்பித்தவர்கள் குறைவு. இங்கிலாந்து துணி நெய்யட்டும், போர்ச்சுகல் ஒயின் தயாரிக்கட்டும், மாற்றிக்கொண்டால் இரண்டு பேருக்கும் லாபம்! பரீட்சையில் 100, 120, 90, 80 என்று ஆள் கணக்கை எழுதினால் மார்க் வந்துவிடும். 1817-ல் அவர் கொடுத்த அந்த எண்கள் கற்பனைதான். ஆனால் அதற்குப் பின்னால் நிஜமான ஒரு வியாபாரம் இருந்தது. அதன் பெயர் போர்ட் ஒயின்.

இங்கிலாந்துக்காரர்கள் நெடுங்காலம் விரும்பிக் குடித்தது பிரான்சின் போர்தோ பகுதியிலிருந்து வந்த 'கிளாரட்' என்ற லேசான சிவப்பு ஒயின். அந்தப் பகுதியே சுமார் 300 வருடம், 1453 வரை, ஆங்கில மன்னர்கள் கையில் இருந்தது. பிறகும் பழக்கம் விடவில்லை. ஆனால் பிரான்சோடு சண்டை முற்றியதும் 1678-ல் பிரெஞ்சு சரக்குக்குத் தடை, பிறகு போர், அதிக வரி. வியாபாரிகள் வேறு வழியில்லாமல் போர்ச்சுகலின் டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனார்கள்.

அங்கே கோடை வெயில் கொளுத்தும், செங்குத்தான பாறைச் சரிவுகளில் திராட்சை விளையும். ஒயின் கறுத்து, கெட்டியாக, துவர்ப்பாக இருக்கும். அது படகில் போர்ட்டோ நகரத்துக்கு வந்து கப்பலேறும். வழியில் கெடாமலிருக்கக் கொஞ்சம் பிராந்தி கலந்தார்கள். பின்னாளில் நொதிக்கும்போதே கலக்க ஆரம்பித்தார்கள். பிராந்தி பட்டதும் ஈஸ்ட் செத்துவிடும், சர்க்கரை அப்படியே தங்கிவிடும். சாதாரண ஒயினில் ஆல்கஹால் 12, 13 சதவீதம் என்றால் இதில் ஏறக்குறைய 20! இனிப்பும் காரமுமாக, பனிக்காலத்துக்கென்றே செய்தது போல ஆகிவிட்டது. (குடித்தால் உடம்பு சூடாவது போலத் தோன்றுவது தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்வதால்தான். உண்மையில் உடம்பு வெப்பத்தை இழக்கிறது.)

1703-ல் வந்தது மெத்துவென் ஒப்பந்தம். ஆங்கிலக் கம்பளித் துணியை போர்ச்சுகல் அனுமதிக்க வேண்டும். பதிலுக்கு போர்ச்சுகல் ஒயினுக்கு வரி, பிரெஞ்சு ஒயினை விட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதன் பிறகு லண்டன்காரன் குளிருக்கு எதைக் குடிப்பான் என்பதில் அவன் நாக்குக்கு என்ன வேலை?

பாடப்புத்தகத்தில் இல்லாத பகுதி இனிமேல்தான். துணி வந்து குவிந்ததும் போர்ச்சுகலின் கம்பளி நெசவு நொடித்தது. வாங்கிய துணிக்கு ஈடாக ஒயின் போதவில்லை. பற்றாக்குறையை அடைத்தது பிரேசில் தங்கம். அங்கே சுரங்கத்தில் தோண்டியவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அடிமைகள். ரிக்கார்டோவின் கணக்கில் அவர்களுக்கு இடமே இல்லை.

ஒயினிலும் கலப்படம் புகுந்தது. நிறத்துக்காக எல்டர்பெர்ரி பழச்சாறு சேர்த்தார்கள். போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் 1756-ல் தனிக் கம்பெனி அமைத்து, டோரோவுக்கு எல்லை வகுத்து, எல்டர்பெர்ரிச் செடிகளைப் பிடுங்கி எறியச் சொன்னார். நல்ல காரியம்தான். ஆனால் அந்தக் கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து 1757-ல் போர்ட்டோவில் கலகம் வெடித்தபோது, பலரைத் தூக்கிலும் போட்டார்.

1860-ல் பிரிட்டன் பிரெஞ்சு ஒயினுக்கு வரியைக் குறைத்ததும் கிளாரட் மறுபடி மலிவானது. போர்ட் மட்டும் போகவில்லை. கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் ஸ்டில்டன் பாலாடைக்கட்டியோடு ஒரு சின்னக் கோப்பை போர்ட் அங்கே இன்றும் வழக்கம்.