முறுக்கும் கை

ராயபுரத்தில் பனி பெய்வதில்லை. மார்கழி விடியலில் கடற்காற்றோடு கொஞ்சம் ஈரம் இறங்கும். அதைத்தான் நாம் பனி என்று சொல்லித் தலையில் துண்டைச் சுற்றிக்கொள்கிறோம். ஆனால் பனிக்கட்டிக்கு மட்டும் அங்கே பஞ்சமே கிடையாது. காசிமேட்டில் விசைப்படகுகள் வந்து சேருகிற வேளையில் போய் நின்றால், காலடியில் நசுங்குவது மீனா ஐஸா என்று தெரியாது. அந்த மீனையும் ஐஸையும் ஏற்றிக்கொண்டு, படபடவென்று புகை கக்கியபடி சந்து பொந்தெல்லாம் நுழைந்து ஓடுகிற மூன்று சக்கர வண்டிக்கு மீன்பாடி வண்டி என்று பெயர். இது பாட்டுப் பாடுகிற பாடியல்ல. லாரிக்கு 'பாடி கட்டுவது' என்கிறோமே, அந்தப் பாடி.

அந்த வண்டியின் கைப்பிடியைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். வண்டியை விட்டுவிட்டுப் பிடிக்கு ஒரு சரித்திரமா என்று வாசகர்கள் கேட்கலாம். ராஜாக்களின் கிரீடத்துக்குச் சரித்திரம் உண்டென்றால், ஒரு மனுஷன் பொழுது விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை பிடித்துக்கொண்டிருக்கிற பிடிக்கு ஏன் இருக்கக் கூடாது?

வலது கைப்பிடியைத் தன் பக்கமாக முறுக்கினால் வேகம், விட்டால் அடங்கும். ஆக்ஸிலேட்டர் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். பிடிக்குள்ளே ஒரு குழாய், குழாயின் விளிம்பில் ஒரு கம்பி, கம்பியின் மறுமுனையில் கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஒரு சிறு அடைப்பான். அதன் தலைமேல் ஒரு ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. கை தூக்குகிறது, ஸ்பிரிங் இறக்குகிறது. இந்த இழுபறியில்தான் கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்கள் ஓடுகின்றன.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணம். அந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அங்கே குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளை வாளால் அறுத்து, மரத்தூளில் புதைத்து, பிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி கப்பலில் அனுப்பிய பனிக்கட்டிதான் 1840களில் சென்னைக் கடற்கரைக்கு வந்து இறங்கியது. அதைச் சேமிக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ் திருவல்லிக்கேணியில் விவேகானந்தர் இல்லமாக இன்னும் நிற்கிறது. துறைமுகம் கட்டாத காலம். அலைக்கு வளைந்து கொடுக்கும் மசூலாப் படகுகளில்தான் கரை சேர வேண்டும். வந்த ஐஸில் கரைந்தது போக மிஞ்சியது துரைமார்களின் கோப்பைக்குள் போயிற்று. மீனுக்கு ஐஸ் போடுகிற காலம் வெகு தூரத்தில் இருந்தது.

அதே மாகாணத்தில், பாஸ்டனை ஒட்டிய ராக்ஸ்பரியில், சில்வெஸ்டர் ரோப்பர் என்பவர் 1869 வாக்கில் இரு சக்கர வண்டி ஒன்றில் நீராவி யந்திரத்தைப் பூட்டினார். கரி அடுப்பின்மேல் உட்கார்ந்து சவாரி செய்கிற சங்கதி அது. கையால் பிடித்திருக்கிற கம்பியையே அவர் சுழலும்படி அமைத்தார். ஒரு பக்கம் சுழற்றினால் நீராவி திறக்கும், வண்டி பாயும். எதிர்ப்பக்கம் சுழற்றினால் முன்சக்கரத்தில் பிரேக் விழும். ஓடுவதும் நிற்பதும் ஒரே கம்பியில். இந்த இரட்டைக் குணத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும். ரோப்பர் 1896-ல், எழுபத்திரண்டாவது வயதில், நீராவி சைக்கிள் ஓட்டிக் காட்டும்போதே கீழே விழுந்து இறந்துபோனார்.

பிறகு அதே மாகாணத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் 1901-ல் தொடங்கிய கம்பெனி ஒன்று தன் மோட்டார் சைக்கிள்களில் முறுக்கும் பிடியைப் பொருத்தி விற்றது. கம்பெனியின் பெயர் 'இந்தியன்'. நம்மை நினைத்து வைத்த பெயரல்ல. கொலம்பஸ் நம்மைத் தேடிப் போய் வழி தப்பிச் சூட்டிய பெயர். அவர்கள் கம்பிக்குப் பதில் சின்னச் சின்ன இரும்புத் தண்டுகளை மூட்டு மூட்டாகக் கோத்தார்கள். க்ளென் கர்ட்டிஸும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில் இதைச் செய்தார். முதலில் யார் என்ற வழக்கு தீர்ந்தபாடில்லை. இங்கிலாந்துக்காரர்கள் மட்டும் வெகுநாள் முரண்டு பிடித்தார்கள். காற்றுக்கு ஒரு நெம்புகோல், பெட்ரோலுக்கு ஒன்று, தீப்பொறிக்கு ஒன்று என்று வீணை வாசிக்கிற மாதிரி விரலால் தள்ளி ஓட்டினார்கள். 1920களுக்குப் பிறகுதான் அங்கே முறுக்கும் பிடி சாதாரணமாயிற்று.

அங்கிருந்து நம் வடசென்னைக்கு வந்தது 1955-ல். எல்லைக் காவலுக்கு ராணுவத்துக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. ராயல் என்ஃபீல்டின் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தைத் திருவொற்றியூரில் தொடங்கின. முதலில் பெட்டிகளில் வந்த உறுப்புகளைப் பூட்டுகிற வேலைதான். 1957-ல் அச்சுகளும் கருவிகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லா உறுப்புகளையும் இங்கேயே செய்தார்கள். ரெட்டிச் ஆலை 1967-ல் மூடியது. திருவொற்றியூர் புல்லட் ஓடிக்கொண்டே இருந்தது. தாய் வீடு இடிந்த பிறகும் புகுந்த வீட்டில் வாழ்ந்த பெண் மாதிரி.

அக்கம்பக்கத்தையும் பார்க்க வேண்டும். எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸ். 1955-ல் அது அசோக் லேலண்டு. திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் 1946-ல் பொம்மை பலூன் செய்த எம்.ஆர்.எஃப். 1961-ல் டயர் ஆலை ஆயிற்று. வடிவுடையம்மன் சந்நிதிக்குக் கூப்பிடு தூரத்தில் இரும்பு, ரப்பர், தீக்குச்சி, பெயிண்ட் எல்லாம் விளைந்தன. வெல்டிங் பிடிக்கவும் கேபிளை அளந்து வெட்டவும் தெரிந்த கைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டானதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இனி மீன்பாடிக்கு வருவோம். கை ரிக்‌ஷாவை மனுஷன் மாடு மாதிரி இழுப்பது கூடாது என்று 1973-ல் தமிழ்நாடு அரசு ஒழித்தது. இழுத்தவர்களுக்கு சைக்கிள் ரிக்‌ஷா கொடுத்தார்கள். பயணிகளுக்கு அந்த நியாயம் கிடைத்தது. மீனும் ஐஸும் இரும்பும் ஏற்றுகிற மிதிவண்டிக்காரரின் முழங்காலைப் பற்றி யாரும் சட்டம் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார். புதுப்பேட்டையில் வண்டிகளைக் கழற்றிக் கூறு போட்டு விற்பார்கள். பழைய ஸ்கூட்டர் எஞ்சினோ மொபெட் எஞ்சினோ அங்கே கிடைக்கும். அதை வாங்கிவந்து வண்டியில் வெல்டிங் வைத்துப் பூட்டி, அதோடு வந்த ஆக்ஸிலேட்டர் பிடியைக் கைக்கம்பியில் செருகினால் மீன்பாடி மோட்டார் வண்டி ஆகிவிடும்.

எழுதும்போது இரண்டு வரி. செய்யும்போது அவ்வளவு சுலபமில்லை. இந்த வண்டியில் சரக்குப் பலகை முன்னால், இரண்டு சக்கரத்தின்மேல். ஓட்டுபவர் பின்னால். திரும்ப வேண்டுமானால் சரக்கோடு முன்பாகம் முழுவதும் திரும்பும். கைப்பிடி அதோடு திரும்ப, எஞ்சினுக்குப் போகிற கேபிள் நீண்டு வளைந்து போக வேண்டும். கேபிள் குட்டையாக இருந்தால், வண்டியைத் திருப்பும்போது பிடியை முறுக்காமலே எஞ்சின் சீறும். நீளமாக இருந்தால் பாதி முறுக்கு வீண். கேபிள் மடிந்து சிக்கிக்கொண்டாலோ, பிடியை விட்டாலும் வேகம் இறங்காது. ஸ்பிரிங்கின் பலமெல்லாம் அந்த மடிப்பில் செத்துப்போகும்.

இதே தொல்லையைப் பூமியின் மறுகோடியில், கனடாவில், வேறொரு கூட்டம் அனுபவிக்கிறது. க்யூபெக்கைச் சேர்ந்த ஜோசஃப் அர்மாண்ட் பொம்பார்டியே என்பவரின் சிறு பிள்ளை 1934 குளிர்காலத்தில் வயிற்று நோயால் இறந்தான்; பாதை பனியில் மூடியிருந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. பனியில் ஓடும் வண்டி செய்வதையே அவர் தொழிலாக்கிக்கொண்டார். 1959-ல் வந்த ஸ்கி-டூ என்ற சின்ன வண்டி உலகமெங்கும் பரவியது. சியாச்சினில் நம் ராணுவத்தாரும் பனி ஸ்கூட்டர் ஓட்டுகிறார்கள். இவற்றுக்குப் பெரும்பாலும் முறுக்கும் பிடி கிடையாது. கட்டைவிரலால் அழுத்துகிற சிறு நெம்புகோல்தான். பனிமேட்டில் வண்டி துள்ளும்போது சவாரிக்காரரின் உடம்பு பின்னால் சாயும். முறுக்கும் பிடியாக இருந்தால், சாய்கிற உடம்பே மணிக்கட்டை இழுத்து வேகத்தைக் கூட்டிவிடும். கூடின வேகம் மறுபடி உடம்பைச் சாய்க்கும். கட்டைவிரலை எடுத்தால் போதும், வண்டி அடங்கும்.

ஆனால் நாள் முழுதும் குளிரில் அழுத்திக்கொண்டிருந்தால் கட்டைவிரல் மரத்துப்போகிறது. மோட்டார் சைக்கிள் பழகிய கை முறுக்கத்தான் துடிக்கிறது. ஆகவே அவர்களும் மோட்டார் சைக்கிள் பிடியை வாங்கிச் செருகுகிறார்கள். அங்கேயும் கேபிள் அளவுதான் முதல் தகராறு. நெம்புகோல் இழுக்கும் நீளம் வேறு, பிடி சுருட்டும் நீளம் வேறு. சில வண்டிகளில் அதே கேபிளிலிருந்து ஆயில் பம்புக்கும் ஒரு கிளை போகிறது. அளவு பிசகினால் ஆயில் போதாமல் எஞ்சின் பிஸ்டனைக் கடித்துக்கொள்ளும். மீன்பாடிக்காரர் இந்த விஷயத்தில் பாக்கியசாலி. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றிவிடுகிறார். தெருவுக்குத்தான் புகை.

இப்போது ரோப்பரின் கம்பியை நினைத்துப் பார்க்கலாம். அதில் ஒரு பாதி ஓட்டம், மறுபாதி நிறுத்தம். மீன்பாடிக்கு வந்து சேர்ந்தது முதல் பாதி மட்டும்தான். வண்டியின் சட்டம், சக்கரம், பிரேக் எல்லாம் மனுஷன் மிதிக்கிற வேகத்தைக் கணக்குப் பண்ணிச் செய்தவை. எஞ்சின் வந்ததும் வேகம் பல மடங்கு ஆயிற்று. பிரேக் அதே பிரேக். முன்னால் ஐஸ் பெட்டி அடுக்கியிருந்தால் குறுக்கே ஓடிவருகிற குழந்தையும் தெரியாது. போலீசார் பிடிப்பதற்கு நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, நாலு சக்கரத்துக்குக் குறைந்த வண்டியில் 25 சி.சி.க்கு மேற்படாத எஞ்சின் இருந்தால் அது மோட்டார் வாகனமே அல்ல. மொபெட் எஞ்சினே ஏறக்குறைய 50 சி.சி. ஆகவே மீன்பாடி மோட்டார் வாகனம்தான். பதிவு வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும். ஆனால் எந்தக் கம்பெனியும் செய்யாத வண்டிக்கு எந்த ஆபீஸில் பதிவெண் கொடுப்பார்கள்? மோதினால், அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுக்க இன்ஷூரன்ஸ் கம்பெனி ஏதும் இருக்காது. ஓட்டினவரிடமும் ஒன்றும் இருக்காது. வருகிற கஷ்டம் இரண்டு ஏழைகளுக்கு நடுவிலேயே தங்கிவிடுகிறது.

சட்டத்துக்கு வளையத் தெரியாது என்பதும் இல்லை. டில்லியில் பதிவில்லாமல் ஓடிய பாட்டரி ரிக்‌ஷாக்களை 2014-ல் அங்குள்ள ஹைகோர்ட் நிறுத்தியது. ஓட்டினவர்கள் ஏராளம், கூச்சல் பார்லிமெண்டுக்குக் கேட்டது. 2015-ல் சட்டத்தையே திருத்தி, 4000 வாட்டுக்கு மேற்படாத மூன்று சக்கர பாட்டரி வண்டிக்கு ஆள் ஏற்றவும் சரக்கு ஏற்றவும் தனி இடம் கொடுத்தார்கள். அந்த வண்டியிலும் வலது கையில் முறுக்கும் பிடிதான். உள்ளே கேபிள் இல்லை, கார்புரேட்டர் இல்லை. ஒரு காந்தமும் மூன்று மின்கம்பியும் இருக்கின்றன. மீன்பாடிக்காரரின் மணிக்கட்டுக்குப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. வண்டியின் விலைக்குத்தான் வழி வேண்டும்.