பதிவேட்டில் இல்லாத தூண்டில்

2020ஆம் ஆண்டின் நாடு தழுவிய ஊரடங்கு மார்ச் 25 அன்று தொடங்கியது. கோலார் தங்கவயலைப் பொறுத்தவரை, பயணிகள் ரயில்களை நிறுத்தும் அறிவிப்பு வெளியான மார்ச் 22 அன்றே அது தொடங்கிவிட்டது எனலாம். 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்ட பிறகு, மாரிக்குப்பத்திலிருந்து பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்குச் செல்லும் ரயில்களை நம்பியே இவ்வூரின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வாழ்ந்துவந்தன. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் இருந்த கூலி ஒரே நாளில் எட்டாததாயிற்று.

அந்த வாரங்களில் எங்கள் பகுதியின் ஏரிக்கரையில் காலையும் மாலையும் சிலர் தள்ளித் தள்ளி அமர்ந்திருந்ததைக் கண்டேன். மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு அல்லது பிசைந்த கோதுமை மாவு. இவ்வளவே அவர்களின் கருவிகள். வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவுக்கு அப்பால் எவரும் போகவில்லை. சயனைடு மண்மேடுகளின் கழிவுநீர் இறங்கும் குட்டைகளை முதியவர்கள் விலக்கினர். எந்த நீரின் மீன் குழம்புக்கு ஆகும், எது ஆகாது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். பிடிபட்டது விற்பனைக்குச் செல்லவில்லை. அன்றைய சட்டிக்குச் சென்றது.

இச்செயலுக்கு அரசு ஆணைகளில் என்ன பெயர் என்று பின்னர் தேடிப்பார்த்தேன். 2020 ஏப்ரல் 10 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் கடல்மீன்பிடிப்புக்கும் மீன்வளர்ப்புக்கும் விலக்கு அளித்தது. ஏப்ரல் 15 அன்று வெளியான திருத்திய வழிகாட்டுதல்களில் உள்நாட்டு மீன்பிடிப்பும் சேர்க்கப்பட்டது. இரண்டு ஆணைகளிலும் மீன்பிடிப்பு என்பது ஒரு தொழில்துறை. பதப்படுத்தல், குளிர்பதனம், விற்பனை ஆகியவை அதன் அங்கங்கள். வீட்டுக் குழம்புக்காகக் கரையில் அமர்ந்தவரைப் பற்றி அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த மௌனம் புதியதன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் ஏரி மீன் குத்தகை வருவாயைக் குறிக்கும் பாசிப்பாட்டம் என்னும் சொல் காணப்படுகிறது. அவ்வருவாயை ஏரியின் பராமரிப்புக்குச் செலவிடும் வழக்கமும் இருந்தது. மைசூர் சமஸ்தானம் 1901இல் வேட்டை விலங்குகளையும் மீன்களையும் பாதுகாக்க ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. கர்நாடக மாநிலத்தின் உள்நாட்டு மீன்வளச் சட்டம் 1996ஆம் ஆண்டினது. குத்தகை, உரிமம், தண்டம் ஆகிய மூன்றின் வழியாகவே ஏரி மீன் ஆவணத்துக்குள் நுழைகிறது. எவருக்கும் வருவாய் தராத மீன் அங்கே இடம்பெறுவதில்லை. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பாலாற்றின் பேத்தமங்கலம் ஏரியும் சுரங்க வரலாற்றில் நீர் வழங்கும் நிலையமாகவே இடம்பெறுகிறது.

தூண்டிலில் சிக்கிய மீனுக்கோ தெளிவான ஆவண வரலாறு உண்டு. நாம் ஜிலேபி என்றழைக்கும் அந்த மீன் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்டது. சில மாத வயதிலேயே இனப்பெருக்கம் செய்யும். தாய்மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கும். ஆதலால் சிறு குட்டையிலும் விரைவில் பெருகும். நாட்டு மீன்களை நெருக்குகிறது என்று மீன்வள அறிஞர்கள் அதன்மேல் கூறும் குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் யாரும் குத்தகை எடுக்காத குட்டையில், யாரும் குஞ்சு விடாமலே கிடைப்பது அந்த மீன்தான். கூலி நின்ற வீட்டுக்கு அது எட்டியதன் காரணமும் அதுவே.

இதை எழுதும்போது 1930 நினைவுக்கு வருகிறது. கைரேகைப் பதிவை எதிர்த்துத் தங்கவயல் தொழிலாளர்கள் 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். கோரிக்கை என்ன, நிர்வாகம் என்ன செய்தது, காவல்துறை எங்கே நின்றது என்பவையெல்லாம் வரலாற்று நூல்களில் உள்ளன. அந்த 21 நாட்களும் லயன் வீடுகளில் அடுப்பு எதனால் எரிந்தது, சட்டியில் என்ன வெந்தது என்று கேட்டால் விடை சொல்லும் கோப்பு இல்லை. வடார்க்காடு, சித்தூர் ஆகிய ஏரிப்பாசன மாவட்டங்களிலிருந்து வந்த அம்மக்களுக்குத் தூண்டில் அந்நியமாய் இருந்திருக்காது என்று ஊகிக்கலாம். ஆனால் ஊகம் சான்றாகாது.

1930ஐக் கேட்டறிய இனி வழியில்லை. 2020ஐக் கேட்டறியலாம். அன்று கரையில் அமர்ந்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். நோய்த்தொற்றுக் காலத்தின் எண்ணிக்கைகளை அரசு தொகுத்து வைத்துள்ளது. அந்த எண்ணிக்கைகளுக்குள் வராத நாட்களை எவ்வாறு கடந்தனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகப் பதிவுசெய்வது நம் தலைமுறை ஆய்வாளரின் கடமை. தங்கவயல் நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவைக்க வேண்டுகிறேன். எந்தக் கரை, எந்த மீன், எத்தனை நாள் என்ற மூன்று கேள்விகள் போதும். மற்றவற்றை அவர்களே சொல்வார்கள்.