குழாயும் பானையும்

பி.யு. சின்னப்பா 1916இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். சிறுவனாக அவர் நாடக மேடை ஏறிய காலத்தில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டுமென்றால் தொண்டைதான் கதி. எட்டுக்கட்டையில் பிடித்துப் பாடுகிறவனே பாடகன் என்று ஊர் தீர்மானித்தது. அந்த ருசி ஒலிபெருக்கி வந்த பிறகும் லேசில் மாறவில்லை.

திருமயம் பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகளில் பாட்டு முதலில் கிராமபோன் வழியாக வந்தது. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பன் இசைத்தட்டு விற்று வளர்ந்து, சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் கண்டு, பிறகுதான் படமெடுக்கப் போனார். மற்ற ஊர்களுக்குப் பாட்டைக் கொண்டுசேர்த்தது ரேடியோ செட். காதுகுத்தோ பூச்சொரிதலோ, புளியமரத்தில் கூம்பு ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால்தான் விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு.

குழாய் நிலைத்ததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்றே சொல்லலாம். காகித ஸ்பீக்கர் தனக்கு வரும் மின்சாரத்தில் 1 சதவீத அளவைத்தான் ஒலியாக்கும்; மீதி சூடாகப் போய்விடும். குழாய் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் ஒலி தரும். கரண்ட் வராத ஊரில் 12 வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு பக்கத்து ஊரைக் கூப்பிட வேறு வழியில்லை. பதிலுக்குப் பறிபோனது அடிநாதம். நாயனம் கணீரென்று வரும். தவிலின் தொப்பி எங்கோ காணாமல் போய்விடும்.

2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்குத் தடை போட்டன. ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் மட்டும், விழாக்களுக்கு நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். விடிய விடிய நடக்கிற வள்ளி திருமணம் நாடகத்துக்கு இது எந்த மூலைக்கு? கூம்பு வடிவக் குழாய்க்குப் போலீஸ் கெடுபிடி வேறு சேர, பந்தலில் பெட்டி ஸ்பீக்கர்கள் ஏறின.

வீட்டுக் கதை வேறு. கேசட் காலத்தில் தமிழ்நாட்டு டீக்கடைகளும் இளவட்டங்களின் அறைகளும் கண்டுபிடித்த ஸ்பீக்கர் பெட்டி, மண்பானை. வாயளவுக்குப் பொருந்துகிற ஸ்பீக்கரை வானம் பார்க்கக் கவிழாமல் பானை மேல் உட்காரவைத்து, ஓரத்தை அடைத்துவிட்டால் போதும். இளையராஜாவின் பேஸ் கிட்டார் திடீரென்று வயிற்றில் இடிக்கும். வெறும் ஸ்பீக்கர் முன்னால் தள்ளுகிற காற்றையே பின்னால் இழுக்கிறது. கனத்த ஒலிகளில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பானை பின்பக்கத்தை அடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் எட்கர் வில்ச்சர் 1954இல் காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் ஸ்பீக்கரை அடைத்து ஆழமான பேஸ் எடுத்தார். அவருடையது கணக்குப் போட்டுச் செய்தது, இது சந்தையில் வாங்கியது.  

பானையில் பேஸ் ருசி கண்ட பிறகு கடையில் ஸ்பீக்கர் வாங்குகிறவர் முதலில் கேட்பது ‘பேஸ் எப்படி?’ என்றுதான். ராயவரம், கோனாப்பட்டு போன்ற செட்டிநாட்டு ஊர் வீடுகளின் முகப்புக் கூடத்தில் இந்தக் கேள்வி கொஞ்சம் ஆபத்தானது. ஆத்தங்குடிக் கல் தளமும் கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஒலியைத் துளியும் குடிக்காது. பெரிய வூஃபரை மூலையில் வைத்தால் அடிச்சத்தம் இன்னும் ஊதிப்போய், பாடகர் சொல்வது விளங்காது. அங்கே சின்ன ஜோடியாகப் பார்த்து, சுவரை விட்டுத் தள்ளி, கேட்பவருக்குக் கிட்டத்தில் வைப்பதே புத்தி. கீழே ஒரு பவானி ஜமுக்காளம் விரித்தால் இன்னும் நல்லது.